மாமனாருக்கு ஒரு நகல்

கம்ப்யூட்டர் வாங்கப் போன சின்ன முதலாளி வெறுங்கையோடு திரும்பி வந்தார். வந்தவர் ஆபீசுக்குள் போகாமல் நேராகக் கிடங்குக்குள் நுழைந்து, அட்டைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். தூண் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

தூண் என்பது பட்டப்பெயர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனி அது. படிக்கட்டில் பீரோ சரிந்தாலும் பிரிட்ஜ் சரிந்தாலும் அடியில் போய் அசையாமல் நிற்பவன் இவன்தான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் கொடுப்பவரே மறந்துவிட்டார்.

"கடையில மூணு விதம் காட்டுனாங்க," என்றார் சின்ன முதலாளி. "விண்டோஸ், மேக், லினக்ஸ். பாக்க எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. ஆனா தினப்படி வேலையை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி செய்யுமாம். ஒண்ணைத் தூக்கிப் போடுறது, எடுத்து வேற இடத்துல வைக்கிறது, மூடுறது. நம்ம பொழப்பும் அதுதானே?"

அதுதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

"மிஷினை வாங்கிட்டு அப்புறம் அதுக்குத் தகுந்த மாதிரி நாம மாறுறது கஷ்டம். அதனால முதல்ல நாம மாறிருவோம். எது நமக்கு ஒத்து வருதோ அதை வாங்கலாம்."

"மாடு வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் நாமளே புல்லு தின்னு பாக்குற மாதிரி," என்று தூணின் காதருகே முணுமுணுத்தான் கொக்கி. லாரியில் கயிறு மாட்டுபவன் அவன். வாயும் அப்படித்தான், எதிலாவது மாட்டிக்கொண்டே இருக்கும்.

அன்று முழுக்கப் பயிற்சி. ஆட்களை மூன்று கட்சியாகப் பிரித்தார் சின்ன முதலாளி. விண்டோஸ் என்கிற ஜன்னல் கட்சிக்குக் கொக்கி தலைவன்; தூணும் அதில்தான். அடுத்தது மேக், அதன் ஆப்பிள் படத்தை வைத்துப் பழக் கட்சி. அவர்களுக்கு மட்டும் வெள்ளைச் சட்டை. மூன்றாவது லினக்ஸ், அதன் சின்னத்தை வைத்துப் பென்குயின் கட்சி. அதற்குச் சின்ன வண்டி ஓட்டுபவன் தலைவன். சாதாரண நாளிலேயே வார்த்தையில் கஞ்சத்தனம் பார்க்கிற ஆள்.

முதல் பாடம், ஒரு காலி அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடுவது. கொக்கி பெட்டியை எடுத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றான். "இதைத் தூக்கிப் போட்டுரலாமா?"

"போடு."

"நிச்சயமா?"

"ஆமாப்பா."

கொக்கி அதைக் கொண்டுபோய் மூலையில் இருந்த பெரிய தொட்டியில் வைத்தான். வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கமும் சொன்னான். பழக் கட்சிக்காரன் ஒருவன் தன் பெட்டியைச் சுவரோரக் கூடை வரைக்கும் பூப்போல நகர்த்தி உள்ளே விட்டு, காகிதம் கசங்குகிற சத்தத்தை வாயாலேயே எழுப்பினான். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், இன்னொரு தடவை செய்யச் சொன்னார். பென்குயின் கட்சித் தலைவன் முறை வந்தபோது அவன் கையில் பெட்டி இல்லை.

"பெட்டி எங்கப்பா?" என்றார் முதலாளி.

"இல்ல."

"இல்லன்னா? தொட்டியில கிடக்குதா?"

"தொட்டியே கிடையாது. போடச் சொன்னீங்க. போயிருச்சு."

"அதுக்குள்ளதான் என் செருப்பைக் கழட்டி வெச்சிருந்தேன்."

"இல்ல," என்றான் அவன், எந்த வருத்தமும் இல்லாமல்.

பழக் கட்சிக்கு ஒரு விசேஷ குணம் இருந்தது. ஆபீஸ் அறையை மூடிவிட்டு வாருங்கள் என்றால் மூடுவார்கள், வரமாட்டார்கள். முதலாளி வெறுங்காலோடு போய்க் கதவைத் திறந்தால், உள்ளே வெள்ளைச் சட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். "மூடுறது வேற, போறது வேற," என்றார்கள். "போங்கன்னு சொன்னாத்தான் போவோம்." பென்குயின் கட்சியிடம் பெரிய வேலை ஏதாவது சொன்னால், "ரகசியச் சொல் சொல்லுங்க" என்பார்கள். அதையும் வாயைத் திறக்காமல் சொல்ல வேண்டும். சொல்வது வெளியே தெரியக் கூடாதாம். முதலாளி வாயை இறுக மூடிக்கொண்டு கன்னம் துடிக்க நிற்பார். அவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, "தப்பு. மறுபடியும்," என்பார்கள்.

தூண் இதையெல்லாம் வேடிக்கை பார்க்கிற நிலையில் இல்லை. மறுநாள் அவனுக்கு லீவு வேண்டும். மாமனார் வீடு மாறுகிறார்.

அவனுடைய மாமனார் வாழ்நாள் முழுக்க ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வாய்த்த வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. அந்தப் படிக்கட்டில் ஒருமுறை உருண்டு விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்ட பிறகு, படியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தூண் வீட்டுக்குப் பக்கத்து வாசல், தரைத்தளம், ஒரு அறை காலியாக இருந்தது. வந்துவிடுங்கள் என்று மகள் கரடியாகக் கத்திப் பார்த்தாள். "தரைங்கிறது இறங்கிப் போறவனுக்கு. இருக்கிறவனுக்கு இல்ல," என்பார். கடைசியில் ஒரு வழியாக இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார். ஒரே நாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அவருடைய அறை இங்கே இருக்கிற மாதிரியே அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது.

தூணின் மனைவியும் தன் பங்குக்கு ஒன்று போட்டாள். "நாளைக்கு அப்பா இங்க வரலன்னா நான் அங்க போயிருவேன். விளையாட்டுக்குச் சொல்லல. நீங்க ஊர்ல இருக்கிற பீரோவெல்லாம் தூக்கிட்டுத் திரிங்க. வந்து பாத்தா நான் இருக்க மாட்டேன்." துணிகளை மடித்து வைக்கிற பைக்குள் அவளுடைய சீப்பும் போயிருந்ததைத் தூண் பார்த்துவிட்டான். சீப்பு போனால் ஆள் போவாள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவன் கற்றுக்கொண்டது அது.

ஆகையால் தயங்கித் தயங்கி லீவு கேட்டான். சின்ன முதலாளியின் முகம் மலர்ந்தது.

"லீவு எதுக்கு? நாங்களே வந்து மாத்தித் தரோம். மூணு கட்சியும் வரும். இதைவிட நல்ல சோதனை எங்க கிடைக்கும்? சொந்த ஆள் வீடு. ஏதாவது ஆனாலும் கேஸ் போட மாட்ட."

"வேணாங்க முதலாளி. சின்னச் சாமான்தான், நானே..."

"நிச்சயமா?" என்று கேட்டான் கொக்கி, பழக்கதோஷத்தில். அதற்குத் தூண் பதில் சொல்வதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது.

மறுநாள் காலையில் மூன்றாவது மாடி அறைக்குள் ஜன்னல் கட்சி நுழைந்தபோது, மாமனார் தன் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் ஒரு கட்டில், அந்த நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம், மூலையில் ஒரு வட்ட முக்காலி. அந்த முக்காலிதான் லிஃப்டுக்குள் அவர் உட்கார்ந்திருந்தது. ஓய்வு பெற்ற அன்று கையோடு எடுத்து வந்துவிட்டார்.

"அய்யா, கட்டிலை எடுக்கலாமா?" என்றான் கொக்கி.

"எடு."

"நிச்சயமா எடுக்கலாமா?"

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் எதையும் இரண்டு தடவை கேட்டதில்லை. "வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னா விட்டுருவோம் அய்யா. உங்க இஷ்டம்."

"அப்ப வேணாம்," என்றார் அவர், ருசி பார்க்கிற மாதிரி. கட்டில் கீழே இறங்கியது. "சரி, எடு." கட்டில் மேலே ஏறியது. "வேணாம்." தூணுக்குக் கை ரெண்டும் கடுத்தது. மாமனாரோ பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி ஆகிவிட்டார். வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்து சுவருக்குப் போகிற வரைக்கும் இது நடந்தது.

ஒரு வழியாகக் கட்டில் படிக்கட்டுக்கு வந்தது. பாதிப் படியில் கொக்கி கையைத் தூக்கினான். எல்லோரும் கட்டிலை அப்படியே படியில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் எழுந்து திருப்பத்தில் வட்டமாகச் சுற்றி நடக்க ஆரம்பித்தான்.

"என்னடா ஆச்சு?" என்றான் தூண், கட்டிலுக்கு அடியிலிருந்து.

"அப்டேட் பண்ணி நம்மளைப் புதுப்பிச்சிக்கிறோம். பேசாத. இப்பப் பேசினா எல்லாம் கெட்டுப்போகும்."

"அவன் எதுக்குச் சுத்துறான்?"

"வேலை நடந்துக்கிட்டு இருக்குன்னு காட்டுறதுக்கு."

"என்ன வேலை நடக்குது?"

"சுத்துறானே, தெரியலையா?"

மேலே படிவாசலில் நின்று மாமனார் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, உங்க கம்பெனியில இவங்களுக்கெல்லாம் சம்பளம் குடுக்கிறாங்களா?"

சுற்றுகிறவனுக்குத் தலை சுற்றி உட்கார்ந்த பிறகுதான் புதுப்பிப்பு முடிந்தது. முடிந்ததும் கொக்கியின் முகத்தில் புதுக் களை. ஏதோ ஞாபகம் வந்தவன் போல நெற்றியைத் தட்டிக்கொண்டான். "தூணு, நாம தப்புப் பண்றோம். ஒரே வீட்டுக்குள்ள இந்த ரூம்ல இருந்து அந்த ரூமுக்கு இழுத்தா, சாமான் நகரும். வேற டிரைவுக்கு, அதாவது மிஷினுக்குள்ள இருக்கிற வேற கிடங்குக்கு, இழுத்தா நகராது. நகல்தான் போகும். அசல் இருந்த இடத்துலயே இருக்கும். முதலாளி சொல்லிக் குடுத்தாரே."

"இது வீடுடா. டிரைவ் இல்ல."

"வேற தெரு, வேற கட்டடம், வேற வீட்டுக்காரர். இது வேற டிரைவ் இல்லாம என்ன?" என்றான் கொக்கி. கட்சி முழுக்க அவன் பக்கம் தலையாட்டியது. கட்டில் திரும்பவும் மேலே போய், இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது.

தூண் முதலாளிக்குப் போன் போட்டான். "விதிப்படி நடக்கட்டும்," என்றார் அவர். "நடுவுல புகுந்து கெடுத்தா சோதனை எப்படிச் சோதனை ஆகும்?"

கிடங்கில், எடுத்துப்போக ஆளில்லாமல் தங்கிப்போன சாமான்கள் மலைபோலக் கிடந்தன. ஜன்னல் கட்சி அதைக் கிளறி அதே மாதிரி கட்டில், அதே மாதிரி நாற்காலி, கடிகாரம், வட்ட முக்காலி என்று எல்லாவற்றையும் தேடி எடுத்தது. லாரியில் ஏற்றிய பிறகு கொக்கி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஏதோ ஒன்று குறைந்தது.

"அந்த ரூம்ல வேற என்ன இருந்துச்சு?"

"மாமனார்," என்றான் தூண். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கிடங்குக்குக் காவல் இருக்கும் பெரியவர், வாசலில் பீடியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அதே வயசு, ஏறக்குறைய அதே மீசை. கொக்கி அவரைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தான்.

"பெரியவரே, கொஞ்ச நேரம் நாற்காலியில உக்காரணும். வருவீங்களா?"

"உக்காரத்தானே? அதுல எனக்கு அனுபவம் உண்டு," என்று எழுந்து வந்து லாரியில் ஏறிக்கொண்டார்.

தூண் லாரியிலேயே புது வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. அறை பளிச்சென்று இருந்தது. பென்குயின் கட்சி காலையிலேயே வந்து, அவன் மனைவியிடம் ரகசியச் சொல் கேட்டிருக்கிறது. இருந்த கோபத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு முறைத்தாளாம். ஏற்றுக்கொண்டார்கள். பழைய பெட்டி, உடைந்த பக்கெட், வேண்டாததையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். எடுத்துவிட்டார்கள். வாசலில் கதவும் இல்லை.

"கதவு எங்க?" என்றான் தூண்.

"இல்ல," என்றான் பென்குயின் தலைவன்.

"கதவு எப்படிப்பா வேண்டாததாகும்?"

"திறந்தே கிடந்துச்சு. யாரும் பயன்படுத்தல."

அதற்குள் கட்டில் போட்டாகிவிட்டது. கடிகாரம் சுவரில் ஏறிவிட்டது. ஜன்னலுக்கு நேராக நாற்காலி, மூலையில் வட்ட முக்காலி. மேல் மாடி அறையைப் பெயர்த்து வந்து இறக்கிய மாதிரியே இருந்தது. நாற்காலியில் காவல்காரப் பெரியவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூணின் மனைவி பக்கத்து வாசலிலிருந்து டீயோடு வந்தாள். அப்பாவின் கையில் கொடுக்கிற நினைப்பில் நீட்டிவிட்டு, அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். அவர் அதற்குள் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டார்.

"டீ ஆறிப்போச்சு அம்மாடி," என்றார்.

அவள் பெரியவரைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள். "யாருங்க இது?"

தூண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பீரோ விழுந்தால் தாங்குவான், இந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. கொக்கிதான் முன்னால் வந்தான். "உங்க அப்பாவோட நகல் அண்ணி. அசல் பத்திரமா அங்கயே இருக்கு. ஒரு கீறல் இல்ல."

அவள் பக்கத்து வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து செருப்பைத் தேடினாள். "அசல் இருக்கிற இடத்துக்கு நான் போறேன். உங்களுக்கு வேணும்னா இவன்கிட்டச் சொல்லி என்னையும் ஒரு நகல் எடுத்துக்குங்க."

"கொஞ்சம் இரும்மா. விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கு."

"எவ்வளவு நேரம்?"

அவன் வானத்தைப் பார்த்தான். அதிகம் இல்லை. பழைய வீட்டை நோக்கி ஓடினான்.

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினான். பழைய வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வீட்டை மூடுகிற வேலை பழக் கட்சியுடையது. திறந்தால், உள்ளே அரை இருட்டில் வெள்ளைச் சட்டைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் மாமனார் அவருடைய நாற்காலியில். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"இவனுங்க கதவைச் சாத்திட்டு உள்ளயே உக்காந்திருக்கானுங்க மாப்ளே. பேசவும் மாட்டேங்கிறானுங்க. சரி, ஒண்ணும் கெட்டுப்போகல. வந்த வழியே போங்க. நான் வரல. என் ரூம் இங்கதான் இருக்கு."

கெஞ்சலாமா என்று யோசித்தான் தூண். அதற்குத் தெம்பு இல்லை. பொய் சொல்லலாம் என்றால் அதற்கும் தெம்பு இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நடந்ததை அப்படியே சொன்னான்.

"மாமா, அங்கயும் உங்க ரூம் இருக்கு. இதே கட்டில், இதே கடிகாரம். உங்க நாற்காலியில ஒருத்தர் உக்காந்திருக்கார்."

"எவன்?"

"நீங்கதான். அதாவது, உங்களுக்குப் பதிலா."

"என் மக என்ன பண்றா?"

"அவருக்கு டீ குடுத்துட்டு இருக்கா."

மாமனார் மீசையை ஒரு தடவை நீவினார். "அவன் என்ன சொன்னான்?" என்றார்.

"டீ ஆறிப்போச்சுன்னார்."

நாற்காலி கிரீச்சென்றது. "அதைச் சொல்ல அவன் யாரு?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்துவிட்டார். எழுந்தவர் சுவரோரம் திரும்பி, "எல்லாரும் வெளிய போங்கடா," என்றார்.

"போகச் சொல்லிட்டார்," என்று வெள்ளைச் சட்டைகள் நிம்மதியாக எழுந்து போயின.

படிவாசலில் தூண் பழக்கத்தில் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றான், விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று. மாமனார் அவனை ஒதுக்கித் தள்ளினார். ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு, லிஃப்டுக்குள் நிற்கிறவரைப்போல நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு திருப்பத்திலும் குரல் கொடுத்துக்கொண்டே இறங்கினார். "ரெண்டாம் மாடி." இடுப்பு வலி என்கிற ஞாபகமே அவருக்கு இல்லை. "முதல் மாடி." எதிரே ஏறி வந்த ஒரு அம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். "தரை. பாத்து எறங்குங்க," என்று யாருக்கோ சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். பின்னாலேயே ஓடுவது தூணுக்குச் சிரமமாக இருந்தது.

புது வீட்டு வாசலில் மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். அப்பா நடந்து வருவதைப் பார்த்ததும் பை தோளிலிருந்து நழுவியது. அவர் அவளைத் தாண்டி, கதவில்லாத வாசலில் நின்று நாற்காலியைக் காட்டினார்.

"எழுந்திரு."

"எதுக்கு?" என்றார் காவல்காரர். "வசதியா இருக்கே."

"அது என் நாற்காலி."

"உங்களோடது ஆடுமாமே. இது ஆடல."

மாமனார் முதுகுச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். உண்மையில் ஆடவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், கட்டிலைத் தட்டிப் பார்த்தார். மூலையில் இருந்த வட்ட முக்காலியைக் கண்டதும் அதில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அப்போது கொக்கி நடுவில் வந்து நின்றான். "இந்த இடத்துல ஏற்கெனவே ஒரு மாமனார் இருக்கார். இருக்கிறவரை எடுத்துட்டு இவரை வெச்சிரவா? இவரைத் திருப்பி அனுப்பிரவா? இல்ல, ரெண்டு பேரையும் வெச்சுக்கலாமா?"

எல்லோரும் தூணின் மனைவியைப் பார்த்தார்கள். தூண் பையைப் பார்த்தான். அவள் வாசல் நிலையைப் பார்த்தாள். கதவு இருந்த இடத்தில் தெருவிளக்கின் வெளிச்சம் தாராளமாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டது.

"அய்யா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று காவல்காரரைக் கேட்டாள்.

"காவல் அம்மாடி. கிடங்குல. அங்கயேதான் படுக்கை."

"ரெண்டு பேரையும் வெச்சுக்கலாம்," என்றாள் அவள். "கதவு வர்ற வரைக்குமாவது."

"நிச்சயமா?" என்றான் கொக்கி.

"இன்னொரு தடவை கேட்டேன்னா உன்னை அந்தத் தலைவன்கிட்டக் குடுத்துருவேன்," என்றாள். பென்குயின் தலைவன் இருந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தான். கொக்கி அதற்குமேல் கேட்கவில்லை.

சின்ன முதலாளி புதுச் செருப்போடு வந்து சேர்ந்தபோது, எந்தக் கட்சி ஜெயித்தது என்பதில் பெரிய தகராறு நடந்துகொண்டிருந்தது. அவர் தூணைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்குத்தான் மூணும் வேலை செஞ்சிருக்கு. நீ சொல்லு, எதை வாங்கலாம்?"

"எதுவும் சொன்ன வேலையைச் செய்யலங்க முதலாளி."

"ஆனா வேலை முடிஞ்சிருக்கே?"

"முடிஞ்சிருக்குங்க," என்றான் தூண். அவனுக்கும் அது எப்படி என்று தெரியவில்லை. முதலாளி வெகுநேரம் யோசித்துவிட்டு, அடுத்த மாதம் இன்னொரு சோதனை வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூண் பக்கத்து வாசலில் தன் வீட்டுக்குள் வந்தான். பையிலிருந்து சீப்பு வெளியே வந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் தன் பழைய இடத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முதுகு வலிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. மனைவி அவன் கையில் இரண்டு டம்ளர் டீயைக் கொடுத்து அனுப்பினாள். காவல்காரர் நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் முக்காலியில் மாமனார், தெருவில் போகிறவர்களை எந்த மாடி என்று கேட்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒரு வாய் குடித்தார்கள்.

"ஆறிப்போச்சு," என்றார் ஒருவர்.

"ஆறித்தான் போச்சு," என்றார் மற்றவர்.

தூண் இரண்டு டம்ளரையும் வாங்கிக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினான்.